கழுவ வேண்டிய கால்

பன்னிரண்டு பேர் பட்டியலில் பதினோராவதாக என் பெயரை வாசித்தபோது நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் ஐந்தாறு பேர் சூழ்ந்துகொண்டார்கள். எல்லாரிடமும் அடக்கமாகத் தலையை ஆட்டிவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சிரித்தேன்.

பெரிய வியாழன் மாலைப் பூசையில் எங்கள் பங்குச்சாமியார் பன்னிரண்டு பேருடைய காலைக் கழுவுவார். ஆண்டவர் தம் சீடர்களின் காலைக் கழுவியதன் நினைவாகச் செய்வது. நான் காரைக்காலுக்கு மருமகளாக வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அத்தனை வருடமும் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகளில் பன்னிரண்டு ஆண்கள்தான் வேட்டியை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். புதிதாக வந்த ஃபாதர் அந்த வருடம் பெண்களையும் சேர்த்தார். மொத்தம் இரண்டு பெண்கள். அதில் ஒருத்தி நான்.

அன்றிலிருந்து பதினைந்து நாள் எனக்குக் கால்தான் நினைப்பு. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பித்தவெடிப்பு. வகுப்பில் ஏழு பீரியடும் நின்று தமிழ் நடத்துகிறவள் குதிகால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மருந்துக்கடையில் களிம்பு வாங்கினேன். காலையில் பீர்க்கங்காய் நார், சாயங்காலம் சொரசொரப்பான கல். ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவி, பங்குனி வெக்கையில் சாக்ஸ் போட்டுக்கொண்டு படுத்தேன். மெட்டியைக் கழற்றிப் புளி போட்டுத் துலக்கினேன்.

"சாமியார் கழுவுறதுக்கு முன்னாடியே நீ இப்படிக் கழுவிட்டா, அவருக்கு அங்க என்ன வேல?" என்றார் என் கணவர். அவர் அதிகம் பேசமாட்டார். பேசினால் இப்படித்தான் பேசுவார். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெரிய வியாழனுக்கு முந்தின குருத்து ஞாயிறு அன்று பூசைக்குப் பிறகு பன்னிரண்டு பேரையும் ஃபாதர் கூப்பிட்டார். எங்கே உட்கார வேண்டும், எந்தக் காலை முதலில் நீட்ட வேண்டும் என்று சொல்லித்தரப் போகிறார் என்று நினைத்துப் போனேன். அவர் அதையெல்லாம் இரண்டே நிமிடத்தில் முடித்துவிட்டார்.

"இந்த வருஷம் ஒரு சின்ன கீழ்ப்படிதல் கேக்குறேன்," என்றார். "நீங்க யாருக்காவது தப்பு பண்ணியிருப்பீங்க. வியாழக்கிழம சாயங்காலத்துக்குள்ள அவங்ககிட்ட போயி, அவங்க கால கழுவிட்டு வாங்க. யாரு, என்னான்னு எங்கிட்ட சொல்ல வேணாம். நானும் கேக்கமாட்டேன். நாற்காலில வந்து உக்காந்தீங்கன்னா செஞ்சிட்டீங்கன்னு அர்த்தம்."

துறைமுகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் கையைத் தூக்கினார். "சொந்த வீட்டுலயே கழுவிக்கலாமா ஃபாதர்?"

"தப்பு அங்கதான் நடந்துச்சுன்னா கழுவுங்க," என்றார் ஃபாதர். எல்லாரும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். என் மனசில் ஒரு முகம் வந்து நின்றுவிட்டது. அது தெரியாமல் இருக்கத்தான் அந்தச் சிரிப்பு.

அது என் ஓரகத்தியின் முகம். என் கணவருடைய தம்பி மனைவி. தம்பி வெளிநாட்டில் இருக்கிறார். அவளும் அவள் மகளும் முன்பு எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துகொண்டு பக்கத்து ஊரான போலகத்துக்குப் போனார்கள். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அதன் பிறகு நாங்கள் பேசவும் இல்லை. அண்ணனும் தம்பியும் மட்டும் போனில் பேசிக்கொள்வார்கள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அவள் மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் கட்டுப்பட்டு, இரண்டு வருடமாக ஒருதடவைகூட வரவில்லை. படித்து முடித்ததும் நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து நல்ல வரன் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரை நேரில் பார்த்து, டாக்டர் கடிதத்தையும் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருந்தார்கள். ஓரகத்தி என் அடுப்படியில் நின்றுகொண்டு இதை என்னிடம் சொன்னாள். "உங்க மனசோட இருக்கட்டும்க்கா," என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெரு அன்பியக் கூட்டம். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடி செபம் செய்வோம். கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்லலாம். என் முறை வந்தது. எங்கள் குடும்பத்துப் பெண்பிள்ளைக்கு இருக்கும் வலிப்பு நோய் அவள் கல்யாணத்துக்குத் தடையாக வராதபடி காத்தருளும் என்று கண்ணை மூடிக்கொண்டு, குரல் தழதழக்க வேண்டினேன். எல்லாரும் ஒரே குரலில் என்னோடு சேர்ந்து மன்றாடினார்கள். அந்த எல்லாரில் மாப்பிள்ளையின் அத்தையும் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை வரை அவர்கள் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே சம்பந்தம் வேண்டாம் என்று போன் வந்துவிட்டது.

"செபம் பண்ணுனது ஒரு தப்பா?" இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு மூன்று வருடம் ஓட்டினேன். என் கணவரிடம் கேட்டேன். பக்கத்து வீட்டில் கேட்டேன். சாமியாரிடம் செய்த பாவசங்கீர்த்தனத்தில்கூட அதைக் கேள்வியாகத்தான் வைத்தேன், பாவமாக வைக்கவில்லை. யாரும் தப்பு என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? செபத்தைத் தப்பு என்று எந்தக் கிறிஸ்தவன் சொல்வான்?

ஆனால் எனக்குத் தெரியும். அன்றைக்கு 'வலிப்பு' என்று நான் சொன்னதும் கூடத்தில் விசிறிச் சத்தம்கூட நின்ற மாதிரி ஓர் அமைதி வந்தது. கண்ணை மூடியிருந்தாலும் எல்லாரும் என் பக்கம் திரும்பியது தெரிந்தது. எனக்குள் சில்லென்று ஒன்று ஓடியது. இவர்கள் யாருக்கும் தெரியாதது எனக்குத் தெரியும் என்கிற குஷி அது. நான் அதை பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். என் கணவர் சாயங்காலம் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தபோது, பேசினில் வெந்நீர் கொண்டுவந்து வைத்து அவர் காலைக் கழுவினேன். இத்தனை வருடத்தில் அவரையும் எவ்வளவோ பேசியிருக்கிறேன், கணக்குச் சரியாகிவிடும் என்று நினைப்பு. அவர் காலை நீட்டிச் சுகமாகக் காட்டிக்கொண்டிருந்தார். துண்டால் துடைத்ததும், "நல்லாருந்துச்சு. போலகத்துக்கு எப்ப போற?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் பேசின் தண்ணீரை வாசலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு அரைமணி நேரம் உள்ளே வரவில்லை. புதன்கிழமை முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். போகாமலேயே நாற்காலியில் உட்காரலாம். ஃபாதர் கேட்கமாட்டார். யாருக்கும் தெரியாது. ஆனால் உட்கார்ந்தால் அதற்கு அர்த்தம் உண்டு என்று சொல்லிவிட்டாரே மனுஷன். வாயே திறக்காமல், பீடத்துக்கு முன்னால், பொய் சொன்னதாக ஆகும். வாயைத் திறந்து செய்த தப்பே ஒன்று பாக்கி இருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம் அரைநாள் லீவு போட்டேன். போலகத்திலிருந்து நேரே கோயிலுக்குப் போய்விடலாம் என்று பூசைக்கு எடுத்துவைத்த வெள்ளைச் சேலையையே கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பயம் பாதி. மீதிப் பாதி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஒரு துடிப்பு. நம்பமாட்டீர்கள், எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

ஓரகத்தி கதவைத் திறந்தாள். "வாங்க," என்றாள். முன்பெல்லாம் 'வாங்கக்கா' என்பாள்.

நான் உட்காரவில்லை. நின்றபடியே வந்த விஷயத்தைச் சொன்னேன். ஃபாதர் சொன்னது, நாற்காலி, எல்லாவற்றையும். அவள் இரண்டு அடி பின்னால் போனாள்.

"மூத்தவங்க நீங்க, என் கால்ல கை வைக்கிறதா? எனக்குப் பாவத்த சேக்காதீங்க."

"பாவம் எனக்குத்தான் சேந்து கெடக்கு."

"என் கால் எதுக்கு? நீங்க செஞ்சது எனக்கா? அவ வேல முடிஞ்சு அஞ்சேகால் பஸ்ஸுக்கு வருவா. அவகிட்ட கேளுங்க."

மகள் திருநள்ளாற்றில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். மணி இரண்டரை. பூசை ஆறு மணிக்கு. பன்னிரண்டு பேரும் ஐந்தரைக்கே வந்துவிட வேண்டும் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். எந்தப் பக்கம் போட்டாலும் உதைத்தது.

ஓரகத்தி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முறத்தை எடுத்துக்கொண்டு முருங்கைக்கீரை ஆய உட்கார்ந்தாள். மறுநாள் பெரிய வெள்ளிக்கு. நானும் எதிரே உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்தேன். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. இரண்டே முக்கால் மணி நேரம் கீரை ஆய்ந்தோம். அவ்வளவு நேரம் நான் பேசாமல் இருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. பேச்சு தொண்டை வரை வரும், ஒரு கொத்தை உருவுவேன், திரும்பிப் போய்விடும்.

ஐந்தேகாலுக்கு மகள் வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை, முகமெல்லாம் வேர்வை. என்னைப் பார்த்ததும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். பஸ்ஸில் வரும்போது எத்தனையோ வாக்கியங்கள் தயார் செய்து வைத்திருந்தேன். தமிழ் டீச்சர் அல்லவா. ஒன்றும் வரவில்லை.

"அன்னைக்கி நான் செபம் பண்ணல," என்றேன். "சேதி சொன்னேன்."

"தெரியும் பெரியம்மா," என்றாள் அவள்.

கோபமாகப் பேசவில்லை, லேபில் யாருக்கோ ரிப்போர்ட் படித்துச் சொல்கிற மாதிரி சொன்னாள். "அதுக்கப்பறம் ஒரு மாசம் கோயிலுக்கு வந்தோம். எம்பக்கத்துல யாரு உக்காந்தாலும் சாவிக்கொத்த எடுத்து மடியில வச்சிக்குவாங்க. எனக்கு வந்துட்டா கையில குடுக்கணும்ல. நல்லவங்கதான், எனக்காகத்தான் வச்சிருக்காங்க. ஆனா பூச முழுக்க எனக்கு அந்தச் சாவிதான் தெரியும். சாமி தெரியாது."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் அடக்கினேன். அழுதால் அவள் என்னைத் தேற்ற வேண்டியிருக்கும்.

"நீங்க கால கழுவுனா அந்தச் சாவியெல்லாம் போயிடுமா?" என்று கேட்டாள்.

"போவாது."

"அப்பறம் எதுக்கு?"

"ஃபாதர் செய்யச் சொன்னாங்க. வரும்போது நாற்காலிக்காகத்தான் வந்தேன். இப்ப மணி அஞ்சு இருவது. நாற்காலி போனாலும் போவுது, கழுவிட்டுத்தான் போவேன். நீ சரின்னு சொன்னா."

அவள் தன் அம்மாவைப் பார்த்தாள். அம்மா கீரைக் காம்புகளைக் கூட்டி அள்ளிக்கொண்டிருந்தாள். மகள் சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டினாள். "கொல்லையில கொழா இருக்கு, வாங்க," என்றாள்.

கொல்லையில் துவைக்கிற கல்லில் அவள் உட்கார்ந்தாள். நான் வெள்ளைச் சேலையோடு ஈர மண்ணில் மண்டியிட்டேன். ஒரு பிளாஸ்டிக் குவளை, பாதி வாளித் தண்ணீர். நாளெல்லாம் ஷூவுக்குள் இருந்து வெளுத்துப்போன கால், விரல்களில் ஷூ அழுத்திய தடம். சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்தக் காலுக்குத்தான் நான் கொலுசு வாங்கிப் போட்டேன். தண்ணீரை ஊற்றித் தேய்த்தேன். அவள் உடம்பை விறைப்பாக வைத்துக்கொண்டிருந்தாள். உள்ளங்காலுக்குக் கை போனதும் தாங்கமுடியாமல் காலை இழுத்துக்கொண்டு சிரித்துவிட்டாள். அவளுக்குக் கூச்சம் அதிகம், மறந்தே போயிருந்தேன்.

"வெரல் இடுக்குல விடுங்கக்கா, மண்ணு இருக்கும்," என்று பின்னாலிருந்து குரல் வந்தது. ஓரகத்தி நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். 'அக்கா' என்றதை அவள் கவனித்தாளோ என்னவோ, நான் கவனித்தேன். சந்தோஷத்தில் குவளை கையிலிருந்து நழுவ, அதைப் பிடிக்கப்போய் வாளியைத் தட்டிவிட்டேன், தண்ணீர் முழுக்க என் சேலையில் கவிழ்ந்தது.

"பெரியம்மா, ஒண்ணு சொல்லவா?" என்றாள் அவள். "இனிமே எனக்காக செபம் பண்றதா இருந்தா, வாய்க்குள்ளயே பண்ணுங்க."

"சரி," என்றேன்.

காலைத் துடைத்து முடித்தபோது ஐந்து நாற்பது. "கெளம்புங்க, கெளம்புங்க," என்று அவள்தான் அவசரப்படுத்தினாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, "இருங்க, நாங்களும் வர்றோம்," என்றாள். ஓரகத்தி இருந்த சேலையிலேயே கதவைப் பூட்டிக்கொண்டு வந்தாள். மூன்று பேரும் ரோட்டுக்கு ஓடினோம். பாதி வழியில் என் செருப்பு வார் அறுந்தது. இரண்டையும் வேலியோரம் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடினேன். எதிரே வந்த ஆட்டோவை மகள் நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினாள்.

அரசலாற்றுப் பாலத்தில் ஒரு டிப்பர் லாரி வழியை அடைத்து நின்றது. அங்கே போயிற்று எட்டு நிமிடம். "போவுமாப்பா, போவுமாப்பா?" என்று டிரைவரை நச்சரித்தேன். கோயில் தெருவுக்குள் திரும்பும்போதுதான் மணிச் சத்தம் கேட்டது. பெரிய மணி, சின்ன மணி, பீடத்துக் கைமணி எல்லாம் சேர்ந்து அடித்தன. பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடும்போது அப்படி அடிப்பார்கள். அதற்கப்புறம் ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா ராத்திரி வரை கோயிலில் மணியே கிடையாது.

"இப்பதான் கீதம்," என்று கத்தினேன். "இன்னும் வாசகம் இருக்கு, பிரசங்கம் இருக்கு."

"காலு கழுவுறது அதுக்கப்பறந்தான பெரியம்மா," என்று அவளும் சேர்ந்து கத்தினாள். டிரைவர் எங்கள் மூவரையும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை விரட்டினார்.

ஆட்டோவிலிருந்து இறங்கும்போது ஒன்று உறைத்தது. மகள் கையைப் பிடித்து நிறுத்தினேன். "நீங்களும் கூட வந்து, நான் போயி உக்காந்தா, இவ போலகம் போயிட்டு வந்திருக்கான்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். உன்னப் பத்தித் திரும்பப் பேசுவாங்க. உக்காரவா, வேணாமா? நீ சொல்றதுதான்."

அவள் யோசித்தாள். "உக்காருங்க," என்றாள். "நான் முன்னாடி பெஞ்சுலயே உக்காந்து பாக்குறேன்."

பக்கவாசல் வழியாக நுழைந்து பதினோராவது நாற்காலியில் உட்கார்ந்தபோது முதல் வாசகம் ஓடிக்கொண்டிருந்தது. ஃபாதர் என்னைப் பார்த்தார், திரும்பிக்கொண்டார். சொன்னபடியே அவள் முன்பெஞ்சில் வந்து அமர்ந்தாள், பக்கத்தில் ஓரகத்தி. அந்தப் பெஞ்சில் ஏற்கெனவே இருந்த ஒரு அம்மாள் கைப்பைக்குள் கையை விட்டுத் துழாவினார். சாவி. எனக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுந்துபோய் அந்தப் பையைப் பிடுங்கலாமா என்றுகூட இருந்தது. வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அவள் அந்த அம்மாளைப் பார்த்துப் புன்னகை செய்துவிட்டு, பீடத்தைப் பார்த்தாள்.

பிரசங்கம் முடிந்தது. ஃபாதர் மேலங்கியைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முதல் நாற்காலிக்கு வந்தார். நான் வரிசையை ஓரக்கண்ணால் பார்த்தேன். எல்லாக் காலும் பளபளவென்று இருந்தன. ஒருவர் நகத்தைக்கூடப் புதிதாக வெட்டியிருந்தார். ஃபாதர் ஒரு கை தண்ணீர் விடுவார், துடைப்பார், அடுத்தவரிடம் போய்விடுவார். அப்படியே பத்துப் பேர் முடிந்து என்னிடம் வந்து மண்டியிட்டார். நான் சேலையைத் தூக்கினேன்.

எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முழங்காலிலிருந்து குதிகால் வரை போலகத்துக் கொல்லைச் சேறு. அதற்கு மேல் ரோட்டுப் புழுதி, ஆட்டோ கிரீஸ். விரலிடுக்கில் எல்லாம் மண். பதினைந்து நாள் எண்ணெயும் களிம்பும் போட்டு வளர்த்த கால். கோயில் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஃபாதர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திரும்பக் காலைப் பார்த்தார். "நல்லது," என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். பீடப்பையனிடமிருந்து ஜாடியையே வாங்கி வைத்துக்கொண்டு, கையால் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். விரலிடுக்கில் விட்டுக் கழுவினார். கீழே இருந்த பேசின் தண்ணீர் கறுத்துப்போனது. ஒரு துண்டு போதாமல் இன்னொன்று கொண்டுவரச் சொன்னார். அன்றைக்கு உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேரில் உண்மையிலேயே கழுவ வேண்டிய கால் என்னுடையது ஒன்றுதான். முன்பெஞ்சைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அழுகையும் கூடவே வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் என் கணவர் காலைத்தான் பார்த்தார். "சாமியாருக்கு வேல வச்சிட்ட போலருக்கு," என்றார்.

இதை எழுதலாமா என்று போன மாதம் அவளைக் கேட்டேன். ஒரு விஷயத்தைச் சொல்வதற்கு முன்னால் சம்பந்தப்பட்டவரைக் கேட்பது எனக்குப் புதுப் பழக்கம், இன்னும் கை வரவில்லை. எழுதுங்க, ஆனா யாரு பேரும் வேணாம், எழுதிட்டு எங்கிட்ட காட்டுங்க என்றாள். காட்டினேன். உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். ஓர் இடத்தில் விரலை வைத்து, "இது வேணாம் பெரியம்மா," என்றாள். நான் எழுதியதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வரி அது. அடித்துவிட்டேன். என்ன வரி என்று நீங்கள் கேட்கக்கூடாது, கேட்டாலும் சொல்லமாட்டேன். நாக்கு இப்போதும் துறுதுறு என்றுதான் இருக்கிறது.